மதிப்பீடும் மலைநாட்டு வீடும்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டிலும் தொடக்கத்திற் போட்ட கணக்கு முடிவுவரை நிலைப்பதில்லை என்பதை அவர்கள் பட்டறிந்து சொன்னார்கள். சொந்த ஊரில், சொந்தக் காசில், அறிமுகமான மேசனைக் கொண்டு கட்டும் ஒரு வீட்டுக்கே நிலைமை இதுவாயின், ஒரு நாட்டின் அரசு பணம் தர, மற்றொரு நாட்டின் அரசு நிலம் தர, மூன்றாவதாக ஒரு நிறுவனம் வேலையை நடத்த, பொருள்களுள் ஒரு பகுதி கப்பலேறி வர, இவ்வாறு பல கை கூடி நடைபெறும் கட்டட வேலைக்குச் செலவை முன்கூட்டி மதிப்பது எத்துணைப் பொறுப்பு வாய்ந்த காரியம் என்பதை நேயர்கள் எளிதில் உணரலாம்.

இது பொறியியலாளரும் கணக்காளரும் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். நம் மலைநாட்டைப் பொறுத்தவரை அவ்வாறு ஒதுக்கிவிடுவதற்கில்லை. லயக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் விடயம் இது.

இலங்கையில் 50,000 வீடுகள் அமைப்பதற்கு இந்திய அரசு நன்கொடை வழங்க முன்வந்தபோது, அவற்றுள் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டப்பகுதிகளுக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் நோர்வூட்டில் நடைபெற்ற கூட்டத்தில், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் அமைக்கப்படும் என அறிவித்தார். அந்நோர்வூட்டிலிருந்து பாதை வழியே மேலே சென்றால் வருவது பொகவந்தலாவை. தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்று புகழப்படும் இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒரு வீடு கட்டுவதற்கு என்ன செலவாகும் என்ற எளிய வினாவை எடுத்துக்கொண்டு, நன்முறையான மதிப்பீடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் படிப்படியாக ஆராய்வோம்.

முதற்படி, எதற்குச் செலவு என்பதை வரையறுப்பதாகும். இத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலமும், அதில் 550 சதுர அடி வீடும் என்பது பொதுவான அளவு. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு மலசலகூடம் ஆகியவை அதனுள் அடங்கும். ‘ஒரு வீட்டின் விலை’ என்று பேசும்போது நம் மனத்தில் எழுவது இந்த நான்கு சுவரும் கூரையுமே. ஆயின் மலைச்சரிவில் வீட்டுக்கு முன்னே நிலத்தைச் சமன்செய்ய வேண்டும். வெட்டிய பக்கத்தில் மண் சரியாதிருக்கத் தாங்குசுவர் எழுப்ப வேண்டும். மேலிருந்து வரும் மழைநீரை விலக்கிவிட வடிகால் அமைக்க வேண்டும். தெருவிலிருந்து வாசலுக்குப் படியும் பாதையும் வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் வந்து சேர வேண்டும். இவற்றுள் எது நன்கொடைப் பணத்திலிருந்து வரும், எது உள்நாட்டு அரசின் பொறுப்பு, எது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு, எது குடியிருப்போர் தாமே செய்துகொள்வது என்று பெயர் பெயராக எழுதிவைக்க வேண்டும். பலர் பங்குகொள்ளும் வேலையில், எவர் பெயரிலும் எழுதப்படாத செலவு இறுதியில் வீட்டுக்கு வருபவர் தலையில் இறங்குவதே வழக்கம்.

இரண்டாம் படி, அளவு. வரைபடத்தை வைத்துக்கொண்டு அத்திவாரத்துக்கு இவ்வளவு கருங்கல், சுவருக்கு இவ்வளவு கல், பூச்சுக்கு இவ்வளவு சீமெந்து, இத்தனை கியூப் மணல், கூரைக்கு இவ்வளவு தகடு என்று ஒவ்வொன்றையும் அளந்து பட்டியலிடுவதே அளவுப் பட்டியல். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே பெருக்கலில் முடித்துவிடுவது விரைவான வழிதான். தொடக்க யோசனைக்கு அது போதும். நிதி ஒதுக்குவதற்குப் போதாது. கொழும்புச் சமவெளியிற் கட்டிய வீட்டின் சதுர அடி விலையில் தாங்குசுவருக்கு இடமிராது. ஆதலின், நல்ல மதிப்பீட்டாளர் இரண்டு வழியாலும் கணக்கிட்டு, இரு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். அவை பெரிதும் வேறுபட்டால் ஏதோ ஒன்று விடுபட்டது என்று அறிந்து தேடுவார்.

அளவெடுக்கும் பணி மேசையில் மட்டும் நடைபெறுவதன்று. இடத்தைப் பார்க்காமல் அத்திவாரத்தின் ஆழத்தை எவராலும் சொல்ல இயலாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களைப் புதைத்த துயரம், மலைநாட்டில் நிலத்தை ஆராயாது வீடு அமைப்பதன் அபாயத்தை எல்லோருக்கும் உணர்த்தியது. மண்சரிவுக்கு உட்படக்கூடிய பகுதிகளில் கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வும் அனுமதியும் பெறவேண்டியிருப்பது இக்காரணத்தாலேயே. அவ்வாய்வுக்கு ஆகும் காலமும் பணமும் மதிப்பீட்டில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். பார்த்த இடம் தகுதியற்றது என்று முடிவாயின், மாற்றிடம் தேடும் செலவுக்கும் வழி வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி, விலை வீதம். பொருளின் விலை, அது எங்கே எந்நாளில் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. துறைமுகத்தில் இறங்கிய கம்பியின் விலை ஒன்று. ஹட்டன் கடையில் அதன் விலை வேறொன்று. பொகவந்தலாவைத் தோட்டத்தின் மேற்கணக்கில் அதன் விலை மற்றொன்று. பெரிய லொறி ஓரிடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து சிறிய வாகனத்தில் ஏற்றி, அதுவும் போகாத இடத்துக்கு ஆள்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு பை சீமெந்து 50 கிலோகிராம். தேயிலை மலையின் ஏற்றப்பாதையில், மழை நனைத்த படிகளில், ஒருவர் அத்தகைய பையை நாளொன்றுக்கு எத்தனை முறை சுமக்க இயலும் என்று எண்ணிப் பாருங்கள். இந்தச் சுமைகூலி பல மதிப்பீடுகளில் காணப்படுவதில்லை. காணப்படாவிட்டாலும் அந்தப் பையைச் சுமந்தே தீர வேண்டும். சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குரியவரே.

சொந்த உழைப்பைப் பற்றியும் இங்கே ஒரு சொல் கூற வேண்டும். வீட்டுக்குரியவர் தம் உழைப்பையும் நல்குவார் என்று பல திட்டங்கள் எதிர்பார்க்கின்றன. தம் வீட்டைத் தாமே எழுப்பும் மகிழ்ச்சியும், வேலையின் தரத்தைத் தம் கண்ணால் காணும் வாய்ப்பும் அதில் உண்டு. எனினும் அவ்வுழைப்பைச் செலவற்றது என்று கணக்கில் விடுவது முறையன்று. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வீட்டு வேலைக்காக ஒருநாள் மலைக்குப் போகாதிருந்தால், அந்நாட் கூலியை இழக்கிறாள். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. பின்னர் அது உயர்த்தப்பட்டது. அந்த 1,000 ரூபாயையே அளவுகோலாகக் கொண்டு பார்ப்போம். மதிப்பீட்டில் 1 இலட்சம் ரூபாய் குறைந்துவிட்டால் அஃது ஒருவரின் 100 நாட் கூலிக்குச் சமம். தலைநகரில் இருந்து கணக்கெழுதுபவருக்குச் சிறிய பிழையாகத் தோன்றுவது, மலையில் வாழும் குடும்பத்துக்கு நான்கு மாத வாழ்க்கையாகிறது.

காலமும் விலையின் ஒரு பகுதியே. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் மேற்கு மலைச்சரிவுகளில் மண்வேலையும் பூச்சுவேலையும் தடைப்படும். வருடத்தில் எத்தனை நாள் வேலை நடக்கும் என்பதை வானிலைப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்தாலன்றி, மேசனுக்கும் மேற்பார்வையாளருக்கும் எத்தனை மாதம் சம்பளம் தரவேண்டும் என்பது தெரியாது.

நான்காம் படியே பன்னாட்டு வேலைகளுக்குச் சிறப்பாக உரியது. அஃது நாணயம். பணம் ஒரு நாணயத்தில் வருகிறது. செலவு வேறு நாணயத்தில் நடைபெறுகிறது. இறக்குமதிப் பொருள்களின் விலை மூன்றாவதொரு நாணயத்தில் தீர்மானமாகிறது. இதன் விளைவை இந்நாடு 2022ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்த மாற்று வீதம், மார்ச்சு மாதத்தில் கட்டுத் தளர்ந்து, மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாயைத் தொட்டது. செத்தெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகியது.

இதனை ஒரு மாதிரிக் கணக்கால் விளக்குவோம். 10 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீட்டில், கம்பி, கூரைத் தகடு, குழாய், மின்கம்பி முதலிய இறக்குமதிச் சார்புள்ள பொருள்களுக்கு 4 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 200இலிருந்து 360 ஆனால், அந்த 4 இலட்சம் 7 இலட்சத்து 20,000 ஆகும். வேறெதன் விலையும் ஏறாவிட்டாலும், வீட்டின் செலவு 13 இலட்சத்து 20,000 ரூபாயாகிவிடும். எரிபொருளும் இறக்குமதியே ஆதலின், மணலும் கல்லும் ஏற்றிவரும் லொறியின் வாடகையும் கூடும். வாழ்க்கைச் செலவு கூட மேசனின் கூலியும் கூடும்.

இப்போது நன்கொடையின் பக்கத்தைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 2.70 இலங்கை ரூபாய். அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 4.60. ஆகவே ஒரு வீட்டுக்கு 10 இலட்சம் இலங்கை ரூபாய் என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தால், தொடக்கத்தில் அதற்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 70,000 இந்திய ரூபாய் வேண்டும். சில மாதங்களுக்குப் பின் 2 இலட்சத்து 17,000 போதும். கொடுப்பவருக்குச் சுமை குறைகிறது, கட்டுபவருக்குச் செலவு கூடுகிறது. மாறாக, 3 இலட்சத்து 70,000 இந்திய ரூபாய் என்று எழுதியிருந்தால், அதே தொகை 17 இலட்சம் இலங்கை ரூபாயாக வந்து சேர்ந்திருக்கும். எந்த நாணயத்தில் எழுதுவது என்ற ஒரே முடிவு, ஒரு குடும்பத்தின் சுவர் பாதியில் நிற்குமா கூரை காணுமா என்பதைத் தீர்மானிக்க வல்லது. ஆதலால், மதிப்பீட்டின் முதற்பக்கத்திலேயே அடிப்படை நாள், அந்நாளின் மாற்று வீதம், ஒவ்வொரு செலவும் எந்த நாணயத்தைச் சார்ந்தது என்பன எழுதப்பட வேண்டும்.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. விலையேற்றத்தை நோக்கி, தோட்டப்பகுதி வீடுகளுக்கான ஒதுக்கீடு 2023ஆம் ஆண்டில் வீடொன்றுக்கு 28 இலட்சம் இலங்கை ரூபாயாக உயர்த்தப்பட்டது. முன்னிருந்த தொகையைவிட அது நூற்றுக்கு ஏறத்தாழ 180 அதிகம். இரு அரசுகளும் கடிதம் பரிமாறி இம்மாற்றத்தைச் செய்தன. 10,000 வீடுகளுள் முதற்கட்டமாக 1,300 வீடுகளின் வேலை 2024ஆம் ஆண்டு பெப்புருவரியில் தொடக்கி வைக்கப்பட்டது. அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். அறிவித்த நாளின் விலையில் அல்லாது கட்டும் நாளின் விலையில் வீடு கட்டப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

விலை மாற்றத்தை ஒவ்வொரு தடவையும் பேச்சுவார்த்தையாலேயே தீர்க்க வேண்டியதில்லை. ‘ஃபிடிக்’ என்று சுருக்கமாக வழங்கும் ஆலோசகப் பொறியியலாளரின் சர்வதேசச் சம்மேளனம் 1913ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பன்னாட்டுக் கட்டட ஒப்பந்தங்களுக்கான அதன் மாதிரிப் படிவம் 1957இல் முதன்முதல் வெளிவந்தது. அதன் பிந்திய பதிப்புகளில், விலைச் சுட்டெண் ஏறினாலும் இறங்கினாலும் கொடுப்பனவைத் திருத்துவதற்கு ஒரு சூத்திரம் தரப்பட்டுள்ளது. இலங்கையிலும், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை கட்டடப் பொருள், கூலி ஆகியவற்றின் விலைச் சுட்டெண்களை மாதந்தோறும் வெளியிடுகிறது. பெரிய ஒப்பந்தக்காரருக்கு இச்சூத்திரம் பாதுகாப்பளிக்கிறது. சிறிய வீடுகளைத் தவணை முறையிற் கட்டும் குடும்பங்களுக்கும் அதே பாதுகாப்பைத் தவணைத் தொகையோடு இணைத்துத் தருவது நீதியாகும்.

ஐந்தாம் படி, எதிர்பாராச் செலவு. மதிப்பீட்டின் கடைசி வரியில் நூற்றுக்குப் பத்து என்று எழுதிவிட்டு அமைதி கொள்வது எங்கும் காணப்படும் வழக்கம். பத்து ஏன், ஐந்து ஏன் ஆகாது, இருபது ஏன் ஆகாது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. நன்முறையாவது, நேரக்கூடிய இடர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துவது: அத்திவாரத்திற் பாறை தட்டுதல், மண்சரிவால் பாதை மூடப்படுதல், சீமெந்துத் தட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுப்பாடு, வரிச்சலுகை தாமதித்தல் என்பன போன்றவை. ஒவ்வொன்றும் நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு செலவு என்று எண்ணி, அவற்றைக் கூட்டியே ஒதுக்கீட்டைக் காண வேண்டும். விடையையும் ஒரே எண்ணாகச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்ற இடைவெளியாகச் சொல்வதே நேர்மை. திட்டம் கருத்தளவில் இருக்கும்போது அந்த இடைவெளி அகன்றிருக்கும். வரைபடமும் நில ஆய்வும் முடிய முடியக் குறுகி வரும்.

வரைபடம் முடியுமுன் எண்ணைச் சொல்லி, அந்த எண்ணையே உறுதி என்று நம்பி வேலையைத் தொடங்கியதற்கு உலகறிந்த உதாரணம் சிட்னி நகரின் இசை நாடக மாளிகை. 1957ஆம் ஆண்டில் 70 இலட்சம் ஆத்திரேலிய டொலருக்குச் சமமான தொகையில் மதிப்பிடப்பட்ட அக்கட்டடம், 1973ஆம் ஆண்டில் முடிவுற்றபோது 10 கோடியே 20 இலட்சம் டொலரை விழுங்கியிருந்தது. அதன் புகழ்பெற்ற கூரையை எவ்வாறு கட்டுவது என்று முடிவாகுமுன்பே 1959இல் அடித்தளவேலை தொடங்கப்பட்டது முக்கியக் காரணங்களுள் ஒன்று. சிட்னியில் அரசாங்கம் பரிசுச்சீட்டு நடத்தி அச்செலவைத் திரட்டிக்கொண்டது. 550 சதுர அடி வீட்டுக்குப் பணம் போதாமற் போனால், தோட்டத் தொழிலாளி நடத்தக்கூடிய பரிசுச்சீட்டு எதுவுமில்லை. அடகுக் கடையும் வட்டிக் கடனுமே உள்ளன.

நிதி இடையில் நின்றுபோவதன் இழப்புக்கு நம் பள்ளத்தாக்கிலேயே பழைய சான்றுண்டு. பொகவந்தலாவை மலைகளிலிருந்து இறங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இலட்சபான வேலை 1924இல் தொடங்கிப் பணமின்மையால் இடையில் நிறுத்தப்பட்டு, 1938இல் மீண்டும் எடுக்கப்பட்டு, 1950இலேயே பயன் தந்தது. நின்றுபோன வேலையில் முன்பு இட்ட பணம் பயனின்றிக் கிடக்கிறது. மீண்டும் தொடங்கும்போது விலை ஏறியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தின் நன்மையும் இழக்கப்படுகிறது. வீட்டுக்கும் இதுவே விதி. கூரையின்றி ஒரு மழைக்காலம் நின்ற சுவரை அடுத்த ஆண்டு செப்பனிடாமல் மேலே கட்ட இயலாது.

இறுதிப் படி, பதிவும் சரிபார்ப்பும். மதிப்பீட்டை எழுதியவரைத் தவிர மற்றொருவர் அதனைச் சோதிக்க வேண்டும். முடிந்த வீடுகளின் உண்மைச் செலவை, எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று பதிந்துவைத்து அடுத்த மதிப்பீட்டுக்கு அடிப்படையாக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள், பயனாளிகள் தாமே கட்ட, வேலையின் நிலையைச் சரிபார்த்து அவர்களுடைய வங்கிக் கணக்கில் தவணை தவணையாகப் பணம் செலுத்தும் முறையில் எழுந்தன. அத்தவணைகள் எந்த இடத்திற் போதாமற் போயின என்பது, மலைநாட்டில் அடுத்த வீட்டை மதிப்பிடுபவருக்கு எந்த நூலைக் காட்டிலும் பயன்படும் அறிவு.

சோதிப்போருள் வீட்டுக்குரியவரும் ஒருவராயிருத்தல் வேண்டும். மதிப்பீட்டின் சுருக்கத்தைத் தமிழில், ஒரே தாளில், அளவும் விலையும் பொறுப்பும் தெரிய எழுதித் தோட்டத்தின் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் ஒட்டிவைப்பது பெருஞ்செலவன்று. எந்தப் பாதையில் லொறி ஏறும், எந்த ஊற்று வெயிற்காலத்தில் வற்றும், எந்தச் சரிவில் முன்னொரு நாள் மண் இறங்கிற்று என்பவற்றை அங்கே தலைமுறைகளாக வாழ்வோரைவிட அறிந்தவர் எவருமிலர். அவர்கள் அத்தாளைப் படித்து, ‘எங்கள் மேற்கணக்குக்கு மணல் ஏற்றும் கூலி இதில் இல்லையே’ என்று கேட்கும் வாய்ப்பை வேலை தொடங்குமுன் பெற வேண்டும். அவ்வினாவுக்கு அந்நேரத்தில் விடை காண்பது ஒரு வரியைத் திருத்தும் வேலை. சுவர் எழுந்தபின் கேட்டால் அது ஒரு குடும்பத்தின் கடனாகியிருக்கும்.

ஆகவே நேயர்களே, உங்கள் தோட்டத்துக்கு வீட்டுத் திட்டம் ஒன்று வருமாயின், வீட்டின் படத்தைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாது, அதன் மதிப்பீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த நாளின் விலை, எந்த நாணயம், எவையெவை அடங்கின, எவையெவை அடங்கவில்லை, விலையேறினால் வித்தியாசத்தைத் தருபவர் யார் என்ற ஐந்து வினாக்களுக்கும் விடை அதில் இருக்கிறதா என்று நோக்குங்கள். இல்லையெனில், அத்திவாரம் வெட்டுமுன் சங்கத்தின் வாயிலாக எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.